அளந்ததை எழுதப் பழகட்டும் மாணவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகள் திறந்து, பெரும்பாலான வகுப்புகளில் அறிவியல் பாடம் அளவீட்டிலோ விசையும் இயக்கமும் என்ற பாடத்திலோ தொடங்கும் மாதம் இது. தொழிலாளர் துறையில், கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடும் முத்திரை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றுச் சேலம் அம்மாபேட்டையில் வசிப்பவன் நான். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பேத்தியின் செய்முறைக் குறிப்பேட்டை அண்மையில் பார்க்க நேர்ந்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளக்கும் சோதனை அதில் எழுதப்பட்டிருந்தது. ஐந்து அளவீடுகளும் ஒன்றோடொன்று அப்படியே ஒத்திருந்தன. எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழையான சுழிப்பிழை 'இல்லை' என்று இருந்தது. திருகு அளவியைக் கையில் பிடித்தாயா என்று கேட்டேன். "இல்ல தாத்தா, சார் போர்டுல எழுதிப் போட்டாரு, நாங்க பார்த்து எழுதிக்கிட்டோம்" என்றாள். அவள் தோழியின் குறிப்பேட்டிலும் அதே ஐந்து எண்கள்தாம் இருந்தன. பள்ளியின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பள்ளியோடு நிற்கும் பழக்கமாக இது எனக்குத் தோன்றவில்லை. பாடப்பகுதியை முடித்தாக வேண்டும், நாற்பது பிள்ளைகளுக்கு இருப்பதோ இரண்டு கருவிகள், அவற்றில் ஒன்றின் திருகு இறுகிக் கிடக்கிறது என்னும் ஆசிரியரின் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. ஆயினும் கல்லை வைத்துப் பார்க்காமலே தராசு சரியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டால் எங்கள் துறையில் அதற்குத் துறை நடவடிக்கை உண்டு. அதே செயலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுத்து மதிப்பெண்ணும் போடுகிறோம்.

முத்திரையிடும் வேலை என்னவென்று பலருக்கும் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மின்னணுத் தராசு ஒன்று சோதனைக்கு வந்தால், முதலில் அதன் நீர்மட்டக் குமிழி வட்டத்தின் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்போம். அடுத்து, தட்டில் ஒன்றும் இல்லாதபோது சுழியம் காட்டுகிறதா என்று பார்ப்போம். பிறகு எங்களிடம் உள்ள சரிபார்க்கப்பட்ட எடைக்கற்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை ஏற்றி, இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் காட்டும் எண்ணை எழுதிக்கொள்வோம். அதே கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்ப்போம்; நடுவில் சரியாகக் காட்டிவிட்டு ஓரத்தில் ஏமாற்றும் தராசுகள் உண்டு. இரும்பு எடைக்கல்லாக இருந்தால் அதன் குழியில் ஈயம் ஊற்றியோ சுரண்டியோ எடையைச் சரிசெய்து, அந்த ஈயத்தின் மேலேயே முத்திரை குத்துவோம். பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் வினாவாக வந்துபோகும் சுழிப்பிழையும், கருவி காட்டக்கூடிய மிகச் சிறிய அளவான மீச்சிற்றளவும் கடைவீதியில் அபராதத்துக்கும் வழக்குக்கும் உரிய விஷயங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை கட்டாயம். கருவி எதுவானாலும் காலப்போக்கில் பிசகும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. பள்ளி ஆய்வகத்தின் அலமாரிக்குள் இருக்கும் வெர்னியர் அளவியை மட்டும் வாங்கிய நாளிலிருந்து யாரும் சரிபார்ப்பதில்லை.

அலகு என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட ஓர் அளவு என்று புத்தகம் சொல்கிறது. அந்த ஒப்புதல் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் பருப்பு மூட்டை நிறுக்கும் கல் வரை எப்படி வந்து சேருகிறது என்பதைப் பாடத்தில் சொன்னால் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள். வணிகரின் கல்லை ஆய்வாளரின் பணிப்படித்தரத்தோடு, அதாவது ஒப்பிடுவதற்கென்றே அவர் வைத்திருக்கும் கல்லோடு, ஒப்பிடுகிறோம். ஆய்வாளரின் கல்லை இரண்டாம் நிலைப் படித்தரத்தோடு ஒப்பிடுகிறார்கள். அது பெங்களூரு போன்ற ஊர்களில் உள்ள மண்டல ஆய்வகப் படித்தரத்தோடும், அதுவோ புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள நம் நாட்டின் கிலோகிராம் படித்தரமான 57-ஆம் எண் பிளாட்டினம்-இரிடியம் உருளையோடும் தொடர்பு கொண்டது. அந்த உருளையின் தாய் பாரிஸ் அருகே உள்ளது. 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் முதல் அதுவும் கிலோகிராமின் வரையறை அல்ல. பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. பழைய வழிகாட்டி நூல்களை வைத்துப் படிப்பவர்கள் இன்னும் உருளையைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். மே 20 உலக அளவியல் நாள். நம் பள்ளிகளுக்கு அது கோடை விடுமுறையில் வந்துவிடுவதால் கொண்டாட ஆளில்லை.

அளவீட்டுப் பாடத்துக்குச் சேலத்தைப் போல் வசதியான ஊர் அரிது. எடுத்துக்காட்டாகக் கொலுசுத் தொழிலையே பார்க்கலாம். துளைகளிட்ட எஃகுத் தகட்டின் வழியே வெள்ளியை இழுத்து இழுத்துக் கம்பியை மெல்லியதாக்குகிறார்கள். தூய வெள்ளி ஒரு கிலோவை 0.50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியாக இழுத்தால் ஏறத்தாழ 485 மீட்டர் நீளம் கிடைக்கும். விட்டம் 0.52 மில்லிமீட்டராக நின்றுவிட்டால் 449 மீட்டர்தான் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியாத 0.02 மில்லிமீட்டர், கம்பியின் நீளத்தில் 36 மீட்டரை விழுங்கிவிடுகிறது. வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம் என்பது தெரிந்தால் ஒன்பதாம் வகுப்பு மாணவர் இதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். விட்டத்தின் வர்க்கம் சூத்திரத்தில் வருவதால் விட்டத்தில் வரும் விழுக்காட்டுப் பிழை பரப்பில் இரு மடங்காகிறது என்ற பெரிய உண்மையும் அப்போது கைக்கு எட்டும். பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் கம்பியின் மின்தடை எண்ணைக் காணும் சோதனையிலும் இதே வர்க்கம்தான் இருக்கிறது, அங்கே 0.45 மில்லிமீட்டர் கம்பியில் 0.03 மில்லிமீட்டர் சுழிப்பிழையைக் கவனிக்காமல் விட்டால் விடை ஏறத்தாழ 14 விழுக்காடு தவறிப்போகும். சுழிப்பிழை 'இல்லை' என்று பலகையைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு அது ஏன் தவறியது என்று ஒருநாளும் விளங்காது.

நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். தேர்வில் தவறாமல் வரும் வினா இது. நிலாவில் எடை ஆறில் ஒரு பங்காகும், நிறை மாறாது என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடுகிறார்கள். நிலா வரை போக வேண்டியதில்லை, ஏற்காடு வரை போனால் போதும். மின்னணுத் தராசு உண்மையில் உணர்வது பொருள் தன்னை அழுத்தும் விசையை. அந்த விசையைக் கிராமாக மாற்றிக் காட்டுவதற்கு, அது சரிசெய்யப்பட்ட ஊரின் புவியீர்ப்பு முடுக்கம் அதற்குள் மறைமுகமாகப் பதிந்திருக்கிறது. சேலத்தில் சரிசெய்த தராசை, இங்கிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்குக் கொண்டுபோய், அங்கே அப்படியே 50 கிலோ காப்பி மூட்டையை வைத்தால் ஏறத்தாழ 15 கிராம் குறைத்துக் காட்டும். ஒரு கொட்டைகூடச் சிந்தவில்லை. மூட்டையின் நிறை 50 கிலோதான். புவி அதை இழுக்கும் விசைதான் சற்றுக் குறைந்திருக்கிறது. 20 கிராம் படியில் காட்டும் தராசில் இது கண்ணில் படாமலும் போகலாம் என்பதால், காப்பித் தோட்டக்காரர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய கைத்தராசில் நிறுத்தால் சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒரே விடை வரும். இரு தட்டிலும் உள்ளவற்றைப் புவி ஒரே விகிதத்தில்தான் இழுக்கிறது.

மலையை விட அகலாங்கு (அட்சரேகை) செய்யும் வேறுபாடு பெரிது. புவி நடுக்கோட்டருகே முடுக்கம் குறைவு, துருவங்களை நோக்கிப் போகப் போக அதிகம். டெல்லியில் சரிசெய்த தராசைச் சேலத்துக்குக் கொண்டுவந்து மறுபடி சரிசெய்யாமல் வெள்ளிக் கட்டியை வைத்தால் கிலோவுக்குச் சுமார் ஒரு கிராம் குறைத்துக் காட்டும். இன்று வெள்ளி விற்கும் விலைக்கு அது சிறிய தொகை அன்று. ஆகவேதான் தராசை அது பயன்படும் இடத்தில் வைத்து, தெரிந்த கல்லைக் கொண்டு சரிசெய்ய வேண்டும் என்கிறோம். நகைக்கடைத் தராசோடு ஒரு சிறிய எடைக்கல்லும் சேர்ந்து வருவது இதற்குத்தான். புத்தகத்தில் 9.8 மீ/வி² என்று மாறாத எண்ணாக அச்சிட்டிருப்பது கணக்குக்கு வசதி. அது ஊருக்கு ஊர் மாறும் ஓர் அளவு என்பதையும் அதே பக்கத்தில் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

இயக்கத்துக்கும் விசைக்கும் ஏற்காடு மலைப்பாதையைக் காட்டிலும் நல்ல பாடம் வேண்டுமா என்ன? சேலத்திலிருந்து ஏற்காடு சாலை வழியே சுமார் 30 கிலோமீட்டர், பறவை பறக்கும் நேர்கோட்டில் அதில் பாதிதான். தொலைவும் இடப்பெயர்ச்சியும் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, கிலோமீட்டர் கல் ஒவ்வொன்றையும் கடக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துவந்தால், அன்று மாலையே தொலைவு-காலம் வரைபடம் வரைந்துவிடலாம். அடிவாரம் வரை நிமிர்ந்து ஏறும் கோடு மலையில் எப்படிச் சாய்கிறது என்பதை மாணவரே வரைந்து பார்த்தால் வேகம் என்பது கோட்டின் சாய்வு என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இன்னொரு பாடம். வளைவில் வண்டியின் வேகமுள் 18 கிலோமீட்டரிலேயே நின்றாலும், வண்டி நோக்கும் திசை ஏறத்தாழ நேரெதிராகத் திரும்பிவிடுவதால் திசைவேகம் மாறுகிறது, ஆகவே முடுக்கம் உண்டு. வளைவின் ஆரம் 12 மீட்டர் என்று கொண்டால், மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அந்த முடுக்கம் சுமார் 2.1 மீ/வி². 50 கிலோ நிறையுள்ள பயணியை வளைவின் உட்பக்கமாகத் திருப்ப 100 நியூட்டனுக்குச் சற்று அதிகமான விசை போதும். இருக்கையும் பக்கச் சுவரும் அதைத் தருகின்றன. வேகத்தை 36 ஆக்கினால் விசை நான்கு மடங்காகி, அவருடைய எடையை நெருங்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. அவ்வளவு விசையை ஈரமான தார்ச்சாலையில் டயரின் உராய்வு தராது. 'மையவிலக்கு விசை பேருந்தை வெளியே தள்ளுகிறது' என்று எழுதும் மாணவரிடம், வண்டியைத் தொட்டுக்கொண்டு வெளிப்பக்கமாகத் தள்ளும் பொருள் எது என்று கேளுங்கள். அப்படி ஒன்றும் இல்லை. உள்நோக்கி இழுக்கும் உராய்வு போதாதபோது வண்டி தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போகப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதிலும் கணக்கு இருக்கிறது: 15 டன் வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் சுமார் 17.6 கோடி ஜூல். எஞ்சின் அதில் ஒரு பங்கை ஏற்காவிட்டால் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிவிடும். அது 600 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம்.

இவ்வளவும் சொன்னபின், பள்ளிக் கல்வித்துறை என்ன செய்யலாம் என்பதையும் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செய்முறைத் தேர்வில் மதிப்பெண் எதற்குப் போடுகிறோம் என்பதை மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும். மேல்நிலை வகுப்பில் தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும் சோதனையை எண்ணிப் பாருங்கள். ஒரு மீட்டர் நூலில் தொங்கும் குண்டு 20 அலைவுகளுக்குச் சுமார் 40 விநாடி எடுத்துக்கொள்ளும். நிறுத்துகடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 விநாடி பிந்தினால் விடையில் ஒரு விழுக்காடு மாறும். நூலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளக்காமல் மேல்விளிம்பு வரை அளந்தால் மேலும் ஒரு விழுக்காடு. ஆகவே நேர்மையாக அளந்த பிள்ளைக்கு 9.7, 9.9, சில நேரம் 9.6 என்றுகூட வரும். 9.81 என்று துல்லியமாக எழுதிய குறிப்பேட்டைத்தான் நான் தேர்வாளராக இருந்தால் சந்தேகப்படுவேன். இன்றைய நிலையில் அந்தப் பிள்ளைக்குத்தான் முழு மதிப்பெண், 9.6 எழுதியவர் அடுத்த முறை விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற விநாடிகளைப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் போட்டுவிடக் கற்றுக்கொள்கிறார்.

எனவே, இறுதி விடைக்கு உரிய மதிப்பெண்ணைக் குறைத்து, ஒன்றோடொன்று சற்றே வேறுபடும் உண்மையான அளவீடுகளுக்கும், அலகைத் தவறாமல் எழுதியதற்கும், கருவி எவ்வளவு வரை நம்பத்தக்கது என்று ஒரு வரி எழுதியதற்கும் மதிப்பெண் தரலாம். ஜூன், ஜூலையில் முதல் பாடம் நடக்கும்போது உள்ளூர் முத்திரை ஆய்வாளரை அவருடைய படித்தரக் கற்களோடு ஒரு மணி நேரம் பள்ளிக்கு அழைக்கலாம். பணியில் இருந்த காலத்தில் என்னை எந்தப் பள்ளியும் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் மகிழ்ச்சியோடு போயிருப்பேன். அம்மாபேட்டைத் தறிக்காரரையும் கூப்பிடலாம். நூலின் 'நம்பர்' கூடக் கூட நூல் மெல்லியதாகும் என்பது தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை 840 கெஜச் சிட்டங்கள் (நூற்கட்டுகள்) என்பதே அந்த நம்பர் என்றும், ஆகவே 100-ஆம் நம்பர் நூல் 454 கிராமில் ஏறத்தாழ 77 கிலோமீட்டர் ஓடும் என்றும் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், அலகு மாற்றக் கணக்கு பிள்ளைகளுக்குச் சுமையாக இராது.

கடைசியாக, தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிடுகிறீர்கள். எங்கள் மாவட்டத்தில் அதைப் பார்க்காமல் பலருக்கும் பொழுது விடிவதில்லை. அதில் 'நீர்வரத்து 10,000 கன அடி' என்று பல நாட்களில் வருகிறது. விநாடிக்கு என்ற சொல் விடுபட்டுவிட்டால், வந்துகொண்டிருக்கும் வீதம் வந்து சேர்ந்த அளவாகிவிடுகிறது. 10,000 கன அடி என்பது ஒரு குளத்துக்குக்கூடக் காணாத தண்ணீர், சுமார் 2,83,000 லிட்டர்தான்; விநாடிக்கு 10,000 கன அடி ஒரு நாள் முழுதும் வந்தால் அது 0.86 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). ஒரு நாளில் ஒரு டி.எம்.சி. சேர வேண்டுமானால் விநாடிக்கு 11,574 கன அடி வரவேண்டும் என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவர் 86,400 விநாடிகளைக் கொண்டு தாமே வகுத்துக் காணலாம். முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 265 கோடி கன மீட்டர், அணையின் முழு நீர்மட்டமான 120 அடி என்பது 36.6 மீட்டர். அடியையும் கன அடியையும் கைவிடச் சொல்லவில்லை; டெல்டா விவசாயிகளுக்கு அந்த எண்கள்தாம் பழக்கம். 'விநாடிக்கு' என்ற சொல்லை விடாமல் போட்டு, மீட்டரிலும் கன மீட்டரிலும் உள்ள அளவை அருகிலேயே அச்சிட்டால், வகுப்பறையில் அந்தப் பகுதியை வெட்டி ஒட்டி அலகு மாற்றப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்கு வசதியாக இருக்கும். அதற்கு ஒரு வரி இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர்,
அம்மாபேட்டை, சேலம்.